பாம்பன் கூண்டு மாதிரி போஸ்ட் போடுங்க: டெலிகிராம், வாட்ஸ்அப் சேனலில் பணம் பற்றி எழுதுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே!

சம்பளத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு போட்ட வீடியோவுக்கு அப்புறம், நிறைய பேர் ஒரே மாதிரி கேள்வி அனுப்பியிருந்தீங்க. "அண்ணா, ஆபீஸ் பசங்களுக்காக ஒரு டெலிகிராம் சேனல் ஆரம்பிச்சிருக்கேன். பிஎஃப், டேக்ஸ், எஸ்ஐபி பத்தி எல்லாம் போடறேன். ஆனா யாரும் படிக்க மாட்டேங்கறாங்க. என்ன மாதிரி போஸ்ட் போட்டா படிப்பாங்க?"

நல்ல கேள்வி. ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு. அதிகமா படிக்கப்படற போஸ்ட் எதுன்னு எனக்குத் தெரியும், அதை நான் ஒரு தடவை போட்டும் இருக்கேன். அதனால என் மச்சானுக்கு என்ன ஆச்சுன்னு கீழ சொல்றேன். அதுக்கு முன்னாடி எங்க ஊர்க் கதை ஒண்ணு.

எங்க ஊருக்கு வந்த முதல் "சேனல்"

எனக்கு சொந்த ஊர் திருப்பாலைக்குடி. தேவிபட்டினத்துலேர்ந்து தொண்டி போற கிழக்குக் கடற்கரைச் சாலையில இருக்கு. பாக் நீரிணைக் கரை. சின்ன வயசுல எங்க வீட்டுல யாரும் வானிலை அறிக்கையை முழுசா கேட்டதில்ல. டீக்கடையில ஒரு வரி கேட்டாப் போதும்: "பாம்பன்ல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம்." அவ்வளவுதான். அன்னிக்கு படகு கரையில எவ்வளவு மேல ஏத்தி கட்டணும்னு பெரியவங்க முடிவு பண்ணிடுவாங்க.

பாம்பன் துறைமுகத்துல ஏத்தற புயல் எச்சரிக்கைக் கூண்டைத்தான் சொல்றேன். பகல்ல கூண்டு, ராத்திரில சிவப்பு வெள்ளை விளக்கு. இந்தியத் துறைமுகங்கள்ல இதுக்கு 1 முதல் 11 வரை எண் இருக்கு. 1-ம் எண்ணுன்னா தூரத்துல கடல்ல ஏதோ உருவாகுது, கவனமா இரு. 3-ம் எண்ணுன்னா இந்தத் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 8, 9, 10 பெரிய அபாயம். 11 வந்தா, வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். (எனக்கு சின்ன வயசுல பயமா இருந்தது பத்தாம் நம்பர் இல்ல, இந்த பதினொண்ணுதான்.)

யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு எண். படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். யாருக்குன்னு தெரியும், என்ன செய்யணும்னு தெரியும். அதைவிட முக்கியமா, ஆபத்து போனதும் கூண்டை இறக்கிடுவாங்க. இந்த கடைசி விஷயத்தை மறந்துடாதீங்க, கட்டுரை முடிவுல இதுதான் வேலைக்கு ஆகப்போகுது.

மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கையும் இதே அமைப்புலதான் வரும். எந்தக் கடல் பகுதி, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரை, மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகக் காற்று, இடையிடையே 65, அங்கே போக வேண்டாம். இடம், நாள், எண், செயல். நாலே விஷயம். பணம் பத்தி நீங்க போடற போஸ்ட்டுல இந்த நாலும் இருக்கான்னு பாருங்க. பெரும்பாலான சேனல்ல ஒண்ணுகூட இருக்காது. "சேமிப்பு மிக அவசியம் நண்பர்களே" அப்படின்னு மட்டும் இருக்கும்.

முதல் வரியில வணக்கம் வேண்டாம்

இங்க நான் வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிச்சேன், ஒத்துக்கறேன். கட்டுரைக்கு அது சரி. சேனலுக்கு சரியில்ல. போன் நோட்டிஃபிகேஷன்ல முதல் ஒண்ணு ரெண்டு வரிதான் தெரியும். "வணக்கம் நண்பர்களே, இன்றைய பதிவில் நாம் பார்க்கப் போவது" அப்படின்னு வந்தா, அந்த இடம் முழுக்க வீணாப்போச்சு. முதல் வரியில யாருக்கு, என்னன்னு வந்துடணும்.

இன்னொரு சின்ன தொழில்நுட்ப விஷயம். டெலிகிராம்ல சாதாரண கணக்குக்கு ஒரு மெசேஜ் 4096 எழுத்து, படத்துக்குக் கீழ போடற கேப்ஷன் 1024 எழுத்து. ஆனா இது தமிழ் எழுத்துக் கணக்கு இல்ல. "மாதம்"னு எழுதினா நமக்கு மூணு எழுத்து, போனுக்கு அஞ்சு. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். அதனால இங்கிலீஷ் சேனல் பார்த்துட்டு அதே நீளத்துக்கு கேப்ஷன் எழுதினா நடுவுல முட்டிக்கும். எனக்குக் கேட்டா, முட்டறது நல்லதுதான்.

ஒரு கூண்டு போஸ்ட் எப்படி இருக்கும்?

இது எங்க சேனல்ல போட்டது, அப்படியே தர்றேன்:

"கடந்த ரெண்டு வருஷத்துல கம்பெனி மாறினவங்களுக்கு மட்டும். பழைய கம்பெனி பிஎஃப் புது கணக்குக்கு வந்துடுச்சான்னு இந்த ஞாயிறுக்குள்ள பாருங்க. உமங் ஆப் திறந்து, இபிஎஃப்ஓ பகுதியில பாஸ்புக். ரெண்டு கம்பெனி பேர் தனித்தனியா பணத்தோட நின்னா, இன்னும் மாறலைன்னு அர்த்தம். ஏன் முக்கியம்? 5 வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா வரி வரலாம். எடுக்காம மாத்திட்டா பழைய வருஷமும் கணக்குல சேரும். பார்த்துட்டீங்கன்னா கட்டைவிரல் போடுங்க."

இதுல என்ன கவனிக்கணும்? "மட்டும்"னு ஒரு சொல். எல்லாருக்கும்னு போட்டா யாருக்கும் இல்லாம போயிடும். கம்பெனி மாறாதவன் ஒரு நொடில தள்ளிட்டுப் போவான், அது பரவாயில்ல. மாறினவன் நிப்பான். அப்புறம் அந்தக் கட்டைவிரல் லைக்குக்காக இல்ல. "செஞ்சுட்டேன்"கிற அடையாளம். எத்தனை பேர் பார்த்தாங்கன்னு டெலிகிராமே கண் படம் போட்டு காட்டிடும். எத்தனை பேர் செஞ்சாங்கங்கறதுதான் நமக்கு வேணும்.

ஒரு போஸ்ட்டுக்கு ஒரு வேலைதான். பிஎஃப் மாத்தறது, நாமினி போடறது, யுஏஎன் கேஒய்சி மூணையும் சேர்த்து போட்டா மூணும் நடக்காது. நாமினிக்கு தனியா இன்னொரு வாரம் போடுங்க.

நாளும் முக்கியம். எங்க கடற்கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்னப் பையனைக் கேட்டாலும் இந்தத் தேதியைச் சொல்லுவான், ஏன்னா வீட்டு அடுப்பு அதை வச்சுத்தான் எரியுது. சம்பளக்காரங்களுக்கும் இப்படி ஒரு காலண்டர் இருக்கு. ஏப்ரல்ல பழைய வரி முறையா புதுசான்னு கம்பெனில கேப்பாங்க. ஜூன் 15-க்குள்ள ஃபார்ம் 16 கைக்கு வரணும். ஜூலை ஐடிஆர். டிசம்பர், ஜனவரில வாடகை ரசீது, எல்ஐசி ரசீதுன்னு புரூஃப் கேட்டு ஹெச்ஆர் மெயில். எஸ்ஐபி பத்தி 25-ம் தேதி போட்டா யார் படிப்பாங்க? அன்னிக்கு அக்கவுண்ட்ல பஸ் காசுதான் இருக்கும். சம்பளம் வர்ற அன்னிக்கு சாயங்காலம் போடுங்க. டெலிகிராம்ல நேரம் குறிச்சு வைக்கற வசதி இருக்கு, ஞாயித்துக்கிழமை உக்கார்ந்து வாரத்துக்கு மூணு போஸ்ட் எழுதி வச்சுடலாம். மூணுக்கு மேல போனா மியூட் பண்ணிடுவாங்கங்கறது என் அனுபவம்.

குரல் பதிவு, க்விஸ்

பாம்பன்ல 2016-லேர்ந்து கடல் ஓசை 90.4 எஃப்எம்னு ஒரு சமுதாய வானொலி இருக்கு, மீனவர்களுக்காகவே நடக்கறது. ரெண்டு கையிலயும் வேலை இருக்கறவனுக்கு காது மட்டும்தான் சும்மா இருக்கும். ஆபீஸ் பஸ்ல நின்னுட்டு வர்றவங்களும் அப்படித்தான். வாட்ஸ்அப் சேனல் இந்தியாவுக்கு வந்தது 2023 செப்டம்பர்ல. குரல் பதிவும் வாக்கெடுப்பும் அதுல சேர்ந்தது 2024 ஜனவரில. டெலிகிராம்ல முன்னாடியே இருக்கு. ஒரு நிமிஷத்துக்குள்ள பேசுங்க, எழுதி வச்சுப் படிக்காதீங்க. ஒரே குறை, குரலைத் தேட முடியாது. நீங்க பேச்சுல சொன்ன தேதியும் தொகையும் கீழ ஒரு வரில எழுத்தாவும் இருக்கணும்.

க்விஸ் எனக்கு ரொம்பப் பிடிச்ச வடிவம். டெலிகிராம் 2020 ஜனவரில இதைக் கொண்டு வந்தது. சரியான விடையை முன்னாடியே குறிச்சு வச்சுடலாம், தப்பா அழுத்தினா விளக்கம் வரும். பலரும் இதை பொது அறிவுப் போட்டி ஆக்கிடறாங்க: "செபி எந்த ஆண்டு தொடங்கப்பட்டது?" அது தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகப்போகுது? தப்பான விடைகள்தான் க்விஸ்ஸோட உயிர். மக்கள் நிஜமா பண்ற தப்பை அங்க வைக்கணும்.

உதாரணம். "கிரெடிட் கார்டுல 20,000 ரூபா பில். மினிமம் டியூ 1,000 மட்டும் கட்டறீங்க. மாச வட்டி 3.5 சதவீதம். அடுத்த மாசம் கடன் எவ்வளவு குறைஞ்சிருக்கும்?" விடைகள்: 1,000 / 650 / சுமார் 215.

சரியானது 215. மிச்சம் 19,000-க்கு வட்டி 665 ரூபா. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 120 ரூபா. ரெண்டும் சேர்த்து 785. நீங்க கட்டின ஆயிரத்துல 215 மட்டும்தான் அசலைத் தொட்டுது. இதுவே கொஞ்சம் நல்லபடியான கணக்கு. முழுசா கட்டலைன்னா பல கார்டுல வாங்கின தேதியிலேர்ந்தே வட்டி போடுவாங்க, அப்போ 215-ம் மிஞ்சாது. க்விஸ் விளக்கத்துக்கு 200 எழுத்துதான் இடம், அதனால முழுக் கணக்கை அடுத்த போஸ்ட்டா போடுங்க. தப்பா அழுத்தினவங்க அதைத் தேடி வந்து படிப்பாங்க.

வாசகரோட பேஸ்லிப்பை வச்சு "இவருக்கு எங்க பணம் போகுது?"ன்னு அலசறதும் நல்லா ஓடும். ஆனா பேர், எம்ப்ளாயி நம்பர், பான், யுஏஎன், பேங்க் கணக்கு எல்லாத்தையும் மறைச்சிருக்கணும். மறைக்கறதைவிட நல்லது, எண்களை மட்டும் எடுத்து நீங்களே புதுசா எழுதறது. மங்கலாக்கின படத்தைப் பார்த்தே அதே ஆபீஸ்ல இருக்கறவன் கண்டுபிடிச்சுடுவான்.

இப்போ, நான் போட்ட அந்த போஸ்ட்

2021. லாக்டவுன்ல எல்லாரும் டீமேட் கணக்கு திறந்துட்டு இருந்த நேரம். நான் சேனல் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான். பிஎஃப் பத்தி போட்டா பத்து பேர் பார்ப்பாங்க. ஒரு நாள் வேற ஒரு டெலிகிராம் சேனல்ல ஒரு சின்ன கம்பெனிப் பங்கோட பேர் வந்தது. தினமும் அப்பர் சர்க்யூட். நான் நூறு பங்கு வாங்கினேன். வாங்கின ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து, "நானும் உள்ள போயிட்டேன், நீங்க?"ன்னு ஒரு வரி போட்டு நம்ம சேனல்ல தட்டிவிட்டேன்.

அன்னிக்கு வரைக்கும் அவ்வளவு பேர் பார்த்த போஸ்ட் எங்க சேனல்ல இல்ல. நெருப்பு, ராக்கெட்னு ரியாக்‌ஷன் கொட்டுது. உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தது.

என் மச்சான் ஒருத்தன் அப்போ சென்னை பக்கம் ஒரு தொழிற்சாலையில வேலைல இருந்தான். தீபாவளி போனஸ் 40,000 வந்திருந்தது. முழுசா போட்டுட்டான், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஏன் கேக்கணும்? நான்தான் ஏற்கெனவே போஸ்ட்டுல சொல்லிட்டேனே. அடுத்த வாரத்துலேர்ந்து லோயர் சர்க்யூட். அதாவது, ஒரு நாளைக்கு விலை இறங்கலாம்னு வச்சிருக்கற எல்லை வரைக்கும் இறங்கி அங்கேயே பூட்டிக்கிட்டு நிக்கும், விக்கறவங்க வரிசைல நிப்பாங்க, வாங்க ஆளே இருக்காது. தினமும் காலைல 9.15-க்கு அவன் விக்கப் போடுவான், சாயங்காலம் கேன்சல் ஆகிடும். கடைசில வெளிய வந்தப்போ கையில 11,000 இருந்தது.

எப்படி இது நடக்குதுன்னு இப்போ தெரியும். வியாபாரமே இல்லாத சின்னப் பங்கை ஒரு கும்பல் முதல்ல அமைதியா வாங்கி வச்சுக்கும். அப்புறம் சேனல்ல பேரை விடும். நம்மளை மாதிரி ஆளுங்க வாங்க வாங்க விலை ஏறும். நாம வாங்கறப்போ நமக்கு விக்கறது யாரு? அவங்கதான். நான் காசு வாங்கல, அந்தக் கும்பல்ல யாரையும் எனக்குத் தெரியாது. ஆனா அவங்களுக்கு வேண்டிய வேலையை சம்பளமில்லாம செஞ்சு கொடுத்தேன்.

ஸ்கிரீன்ஷாட் வடிவத்தோட பிரச்னையே இதுதான். அது பொய் சொல்லாமலே ஏமாத்தும். 2023 அக்டோபர்ல "பாப் ஆஃப் சார்ட்"ங்கற பேர்ல நடந்ததைப் பத்தி செபி ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. பதிவு இல்லாம முதலீட்டு ஆலோசனை தந்ததா சொல்லி சுமார் 17 கோடி ரூபாயை ஒதுக்கி வைக்கச் சொன்னது. அந்த உத்தரவுல இருந்த ஒரு எண் என் மனசுல ஒட்டிக்கிச்சு. லாபத்தை மட்டும் காட்டிட்டு இருந்தவருக்கு, 2021 ஜனவரிலேர்ந்து 2023 ஜூலை வரைக்கும் டிரேடிங்ல நிகரமா 2.89 கோடி நஷ்டம்னு செபி கணக்குப் போட்டிருந்தது. லாப ஸ்கிரீன்ஷாட் ஒவ்வொண்ணும் நிஜமாவே இருக்கலாம். காட்டாததுதான் கதை. 2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வுலயும், எஃப் அண்ட் ஓ-வுல இறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு மூணு நிதியாண்டு சேர்த்துப் பார்த்தா நஷ்டம்தான்.

உங்க சேனலுக்கு சட்டம் என்ன சொல்லுதுன்னும் சுருக்கமா தெரிஞ்சுக்கோங்க. காசு வாங்கிட்டு "இதை வாங்கு, அதை வில்லு"ன்னு சொல்ல செபியில ஆலோசகராவோ ஆய்வாளராவோ பதிவு வேணும். தான் முன்னாடியே வாங்கி வச்சுட்டு மத்தவங்களை ஏத்திவிட்டு விக்கறது, காசு வாங்கினாலும் வாங்காட்டியும் மோசடி. "நாங்க கல்வி மட்டும்தான்"னு சொல்றவங்களுக்கும் 2025 ஜனவரி 29 சுற்றறிக்கையில செபி கோடு போட்டுது: கடைசி மூணு மாச விலைத் தரவை வச்சு ஒரு பங்கோட பேரைச் சொல்றதோ காட்டறதோ கூடாது. இந்த விதிகள் மாறிட்டே இருக்கும், போடறதுக்கு முன்னாடி செபி தளத்துல ஒரு தடவை பாருங்க. டீமேட், கார்டு ரெஃபரல் லிங்க் போட்டா, "இதுல எனக்குக் காசு வரும்"னு முதல் வரிலயே எழுதுங்க. அந்தக் காசுக்கும் ஐடிஆர்ல இடம் இருக்கு. கூடவே, வெளி வருமானம் பத்தி உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல என்ன இருக்குன்னும் படிச்சுடுங்க.

கூண்டை இறக்கற போஸ்ட்

பங்கு விழ ஆரம்பிச்சப்போ நான் என்ன பண்ணேன் தெரியுமா? போஸ்ட்டை டெலிட் பண்ணிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு, சத்தமில்லாம. அன்னிக்கு அது புத்திசாலித்தனமா தெரிஞ்சது. வாங்கினவங்க எல்லாம் விக்கறதா வச்சுக்கறதான்னு தெரியாம என் சேனலைத்தான் பார்த்துட்டு இருந்திருக்காங்க. மச்சான் போன்ல என் ஸ்கிரீன்ஷாட்டோட ஸ்கிரீன்ஷாட் இருந்தது. ஊர்ல ஒரு கல்யாணத்துல பார்த்தப்போ அதை எடுத்துக் காட்டினான். கோவமா ஒண்ணும் சொல்லல. "அழிச்சுட்டியேடா, நான் நீ வித்துட்டேன்னு சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தேன்"னான்.

நஷ்டத்துல பாதி என் போஸ்ட்டால. மீதிப் பாதி, நான் அடுத்த போஸ்ட்டைப் போடாததால.

அதனாலதான் திருத்தப் போஸ்ட்டை ஒரு தனி வடிவமாவே நான் எண்ணறேன். புயல் போனதும் பாம்பன்ல கூண்டை இறக்கறாங்க பாருங்க, அதுவும் ஒரு அறிவிப்புதான். இறக்காம விட்டா அடுத்த தடவை ஏத்தறப்போ யாரும் நம்ப மாட்டாங்க. பணத்துல இது தப்பு பண்ணினா மட்டும் இல்ல, சரியா சொன்னாலும் தேவைப்படும். 2025-ல ஐடிஆர் கடைசி நாள் ஜூலை 31-ன்னு எல்லாரும் போட்டிருந்தோம். அதை செப்டம்பர் 15-க்குத் தள்ளினாங்க, கடைசி நேரத்துல இன்னும் ஒரு நாள் சேர்த்து 16 ஆச்சு. பழைய "ஜூலை 31" ஃபார்வர்டு அப்பவும் சுத்திட்டுதான் இருந்தது. அதைப் பார்த்து "தேதி போயிடுச்சு"ன்னு விட்டவங்க இருந்திருப்பாங்க. தாமதமானா 5,000 வரை கட்டணம், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கற உரிமையும் போயிடும். ஒரு பழைய போஸ்ட்டைத் திருத்தாம விட்டா இவ்வளவு செலவு இருக்கு.

எப்படிப் போடறது? பழைய போஸ்ட்டை அழிக்காதீங்க. எடிட் பண்ணி மேல "இது இப்போ செல்லாது, தேதி மாறிடுச்சு"ன்னு ஒரு வரி சேருங்க. அதுக்கு ரிப்ளையா புது போஸ்ட் போடுங்க. அதுல என்ன சொன்னேன், என்ன தப்பு, இப்போ நீங்க என்ன செய்யணும்னு இருக்கணும். "சிலருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு பொதுவா எழுதாதீங்க, அது பேங்க் நோட்டீஸ் மாதிரி இருக்கும். முக்கியமானதுன்னா பின் பண்ணுங்க.

நானும் போட்டேன், ரொம்ப தாமதமா. அந்தப் பங்கோட பேர் இல்லாம, நான் என்ன போட்டேன், எப்போ அழிச்சேன், எங்க வீட்டு ஆளுக்கே எவ்வளவு போச்சுன்னு எழுதினேன். சேனல்ல இப்பவும் மேல பின் ஆகி இருக்கு. கொஞ்ச பேர் வெளிய போனாங்க. மச்சான் அதுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டான். பங்கு பத்தி அவன் அதுக்கப்புறம் பேசல. போன வருஷம் பிஎஃப் மாத்தற போஸ்ட்டைப் பார்த்துட்டு போன் பண்ணி, "உமங்ல ரெண்டு கம்பெனி பேர் தெரியுதுடா, இப்போ எதை அழுத்தணும்?"னு கேட்டான். அரை மணி நேரம் ஆச்சு, ஓடிபி வரல, மறுநாள் காலைல முடிச்சோம்.

உங்க சேனலுக்கு ஒரு கூண்டு போஸ்ட் இந்த வாரம் எழுதி எனக்கு அனுப்புங்க. முதல் வரியை மட்டும் படிச்சுட்டு, அது யாருக்குன்னு எனக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு சொல்றேன்.